தாளின் கீழ்ப்பாதி

மேரி டீச்சர் இறந்த செய்தி என்னிடம் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. காலை இடைவேளையில் பள்ளிக் கேண்டீனில் தேநீருக்காக நின்றுகொண்டிருந்தேன். சரசு அக்கா வாணலியில் மீ நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னா டீச்சர், நீங்க இன்னும் கெளம்பலையா?"

"எங்கே அக்கா?"

"மேரி டீச்சர் போயிட்டாங்கல்ல! நேத்து சாயந்தரம், சிரம்பான் ஆஸ்பத்திரில. காய்ச்சல்னு போய்ப் படுத்தவங்கதான். பால்ராஜு காலைலயே வந்து சொல்லிட்டுப் போனான். லோரிக்கார மாணிக்கத்துக்குக்கூட நேத்தே தெரியுமாம். ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்லா."

நான்கு ஆண்டுகள் ஒரே வகுப்பறையைப் பகிர்ந்துகொண்டவள் நான். துக்கம் வரும் முன்னே எனக்கு வந்தது வேறொன்று. செய்தி அவருடைய பழைய மாணவன் பால்ராஜுக்குப் போயிருக்கிறது, மாணிக்கத்துக்குப் போயிருக்கிறது, மீ விற்கிற அக்காவுக்குப் போயிருக்கிறது. எனக்கு வரவில்லை. மேரி டீச்சரை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்: அவர் உயிரோடு இருந்தவரை அவரைப் பார்த்து எனக்குப் பொறாமை. அன்று காலை தேநீர்க் கோப்பையோடு நின்றபோதும் அதுதான் முதலில் வந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்களுடையது இருவேளைப் பள்ளி. பெரிய படிவங்கள், அதாவது மேல்வகுப்புகள், காலையில்; சிறியவை மதியத்துக்குப் பிறகு. ஒரே நாற்காலியில் காலையில் ஒரு பிள்ளையும் மாலையில் ஒரு பிள்ளையும் உட்காருவார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. மேசைக்குள் மறந்துவிட்டுப்போன அழிப்பான், மிட்டாய்த் தாள், பலகையில் கீறிய பெயர், இவ்வளவுதான் உறவு. கட்டடத்தின் கோடியில் உள்ள அறையில் காலையில் நான் மூன்றாம் படிவப் பிள்ளைகளுக்குத் தமிழ் எடுத்தேன். மாலையில் அதே அறை மேரி டீச்சரின் புகுமுக வகுப்பு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்து, இடைநிலைப் பள்ளிக்குள் நுழையும் முன் ஓராண்டு மலாய் படிக்க வந்த பிள்ளைகள். எழுதச் சொன்னால் கைகளை மேசைக்கடியில் ஒளித்துக்கொள்வார்கள்.

மேரி டீச்சர் சுவா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். நான் சிரம்பானில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவள். கடைக்கு மேல்தான் வீடு. தமிழ்நாட்டு ஊரிலிருந்து வரும் துணி மூட்டைகளோடு எனக்குப் புத்தகங்களும் வந்துகொண்டிருந்தன. ஆசிரியர் அறையில் என் மேசையில் இருந்த புத்தகங்களைப் பார்த்து அவர் ஒருமுறை சொன்னார்: "நீங்க படிச்சதுல பாதிய நான் படிச்சிருந்தேன்னு வைங்க, பேசியே எல்லாரையும் கொன்னுருப்பேன். நீங்க எப்படி டீச்சர் இவ்ளோ அமைதியா இருக்கீங்க?"

நான் சிரித்து வைத்தேன். வீட்டிலும் நான் அப்படித்தான். இரவல் கொடுத்த புத்தகத்தைப் பற்றிக்கூட யாரிடமும் பேசியதில்லை. எழுதவும் செய்தேன். எழுதியதை இழுப்பறையில் வைத்து மூடுவேன்.

ஒருநாள் பகல் மணி அடித்து, என் பிள்ளைகள் வெளியேறி, அவர் பிள்ளைகள் உள்ளே வருகிற அந்தச் சந்தடியில் அவர் கேட்டார்:

"டீச்சர், பின்னாடி செவுரு சும்மாதானே கெடக்கு? நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். பின்சுவர் யாருக்கு வேண்டும்? கரும்பலகை இருப்பது முன்சுவரில்.

அடுத்த வாரம் அந்தச் சுவர் முழுக்கப் பலகை அடித்திருந்தது. பிள்ளைக்கு ஒரு தாள். தாளின் தலையில் பெயர். மேல்பாதியில் அந்தப் பிள்ளை எதை வேண்டுமானாலும், எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். கீழ்ப்பாதி காலி. அது படிக்கிறவர்களுக்கு. நூலில் கட்டிய பென்சில்கள் தொங்கின. படிப்பவர் கீழே எழுதினால் பெயர் போட வேண்டும். "நன்று", "அருமை" என்று எழுதக் கூடாது. கேள்வி கேட்க வேண்டும், அல்லது தன் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். மேரி டீச்சரும் கீழ்ப்பாதியில்தான், பென்சிலில்தான் எழுதுவார். சிவப்பு மை அந்தச் சுவரைத் தொட்டதில்லை.

"நன்று என்பதில் என்ன தவறு?" என்று கேட்டேன்.

"அது கதவச் சாத்துற மாதிரி டீச்சர். புள்ள சந்தோசமா போயி ஒக்காந்துக்கும். கேள்வி கேட்டம்னா நாளைக்கும் எழுதித்தானே ஆகணும்?"

பால்ராஜ் எழுதியதை எங்கள் பள்ளியில் படிக்காதவர்கள் இருக்க முடியாது. தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றி வரும் லோரியைப் பற்றி எழுதியிருந்தான். "நேத்து நாங்க லேட்டு. டிரைவர் மாணிக்கம் அண்ணன் துரியான் பொறுக்க மூனு எடத்துல லோரிய நிப்பாட்டினாரு. எங்களுக்கு ஒரு சொளகூட குடுக்கல."

மறுநாள் காலை என் வகுப்புப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் பாக் மாட் சன்னலில் தலையை நீட்டினார். தமிழ் அவருக்குப் படிக்கத் தெரியாது. என் மாணவி தேவகி கீழே எழுதினாள்: "பால்ராஜ், பாக் மாட்டும் படிக்கணுமாம். மலாயில எழுது." அவள் பால்ராஜைப் பார்த்ததே இல்லை. அவன் உட்காரும் நாற்காலியில் காலையில் உட்காருகிறவள், அவ்வளவுதான்.

மலாய்க் கட்டுரை என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பையன் அன்று மாலை முழுக்க உட்கார்ந்து அதை மலாயில் எழுதியிருக்கிறான். வரிக்கு இரண்டு பிழை. மறுநாள் பாக் மாட் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உதடு அசையப் படித்தார். பென்சிலை எடுத்து ஒரே ஒரு வரி மலாயில் எழுதினார்: மூன்றாவதாக நிறுத்திய இடத்தில் இருக்கும் மரம் என்னுடையது.

விஷயம் லோரிக்குப் போய்விட்டது. அதற்கடுத்த நாள் மாணிக்கம் அண்ணனே வந்து கட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் போனார்: "ரெண்டு எடத்துலதான் நிப்பாட்டினேன். மூனாவது எடத்துல டயர் பாக்க எறங்குனேன். இப்படிக்கு மாணிக்கம்." அதன் கீழே மேரி டீச்சரின் பென்சில் எழுத்து: "டயர் ருசியா இருந்துச்சா அண்ணே?"

அந்த வார இறுதிக்குள் ஒரு மூட்டை துரியான் பழம் வகுப்பறைக்கு வந்தது. பாக் மாட்டும் மாணிக்கமும் சேர்ந்து கொண்டுவந்தார்களாம். மாலைப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். மறுநாள் காலை நான் சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு அந்த வாடையில் செய்யுள் நடத்தினேன். எனக்கு மிச்சம் வைக்கப்பட்டது வாடை மட்டும்தான்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பாடம் நடத்துகிற ஆசிரியர் பின்சுவரைப் பார்த்துத்தான் நிற்க முடியும். நாள் முழுவதும் அந்தத் தாள்கள் என் எதிரே காற்றில் படபடத்தன. அங்கிருந்து எழுத்துத் தெரியாது; எழுதியிருப்பது மட்டும் தெரியும். என் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழுத்தைத் திருப்புவார்கள். "டீச்சர், பெல் அடிச்சதும் பின்னாடி போகலாமா?" என்று தேவகி கேட்பாள். தேவகி நான் தேடிப் பிடித்த பிள்ளை. கட்டுரைப் போட்டிக்கு அவளை நான்தான் தயார்செய்தேன். எனக்கு எழுதும்போது அவள் அளந்து எழுதுவாள். பின்சுவரில் பால்ராஜுக்கு எழுதும்போது பக்கம் போதாமல் ஓரத்தில் வளைத்து எழுதுவாள்.

நானும் ஒரு பலகை வைத்தேன். பக்கச்சுவரில், மேரி டீச்சருடையதைவிட நல்ல பலகை, அப்பாவின் கடையிலிருந்து வந்த பச்சைத் துணி போர்த்தியது. என் பிள்ளைகள் எழுதினார்கள். தாயன்பு, நேரத்தின் அருமை, நூலகத்தின் பயன். கீழ்ப்பாதியும் விட்டிருந்தேன். ஒரு மாதமாகியும் யாரும் அதில் எழுதவில்லை. கடைசியில் மேரி டீச்சரையே கூப்பிட்டுக் காட்டினேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒரு தாள்கூட விடாமல் படித்தார்.

"எல்லாம் சரியா இருக்கு டீச்சர்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அதான் நமக்குக் கீழ எழுத ஒன்னுமில்ல" என்றார்.

அந்த "நமக்கு" என்ற சொல்லை அன்று வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கச்சுவரைப் படித்து எழுதாமல் போனவர்களோடு தன்னையும் சேர்த்துக்கொண்டு, குற்றத்தைப் பாதி தன்மேல் போட்டுக்கொண்டார். எனக்கு அப்படிப் பேச வராது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அந்த ஆண்டுதான் கல்வி இலாகாவிலிருந்து மேற்பார்வையாளர் வந்தார். வந்தது காலையில். பாடத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பச்சைத் துணிப் பலகையை ஒரு பார்வை பார்த்தார். நேரே பின்சுவருக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. மணி அடித்து அடுத்த வகுப்பு வந்து உட்கார்ந்தும் அங்கேயே நின்றார். தொங்கிய பென்சிலை எடுத்து லெட்சுமி என்ற பிள்ளையின் தாளில் ஏதோ எழுதினார். பிறகு என்னிடம் வந்து கையைக் குலுக்கினார்.

"இருபது வருஷத்துல இப்படி நான் பாத்ததில்லம்மா."

"ஐயா, அது என்னுடையது அல்ல. மாலைப் பள்ளியில் மேரி டீச்சர் செய்வது."

"தெரியும், தெரியும். எல்லாரும் சேர்ந்து செஞ்சாத்தான் நடக்கும்" என்று சிரித்தார். நான் பணிவாகப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். அந்த அறையில் அந்த நேரத்தில் நின்றது நான்தானே.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து, "சார், அந்தச் சுவர் மேரி டீச்சருடையது" என்றேன். "ஒரே ரூம்தானே டீச்சர், ஓகேலா" என்று அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். மேரி டீச்சர் கைதட்டுவதை நிறுத்தவே இல்லை. அவர் கண்ணில் சிரிப்பு வழிந்தது. எந்த ஒன்றுக்காக அவரைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தேனோ அதற்கான பாராட்டு என் தலையில் வந்து உட்கார்ந்திருந்தது. அதைவிடப் பெரிய அவமானம் எனக்கு அதுவரை நேர்ந்ததில்லை.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாட்டுனீங்களா! பேரு ஒங்களுதுன்னு ஆயிருச்சி. இனிமே செவுத்துல நீங்களும் எழுதித்தான் ஆகணும்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை பின்சுவரில் பால்ராஜின் தாளுக்கும் லெட்சுமியின் தாளுக்கும் நடுவில் ஒரு புதிய தாள். தலையில் அவருடைய உருண்டைக் கையெழுத்தில் என் பெயர். மேல்பாதி வெறுமை.

பல வாரங்கள் அது வெறுமையாகவே இருந்தது. எழுத நினைக்காமல் இல்லை. எழுதினால் யாராவது படிப்பார்களே என்று பயம். அதைவிடப் பெரிய பயம், படித்துவிட்டு யாரும் கீழே எழுதாமல் போவார்களே என்பது. ஆனால் மாலைப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. வெறும் தாளுக்கே கீழே எழுத ஆரம்பித்தார்கள்.

"டீச்சர், என்னா ஆச்சி? பென்சில் இல்லையா? - பால்ராஜ்"

"டீச்சருக்கு எழுத வராதா? - லெட்சுமி"

"டேய், டீச்சர் நெறைய புக்கு படிப்பாங்கடா. - தேவகி, காலைப் பள்ளி"

"புக்கு படிச்சா எழுத வருமா அக்கா? எங்க மாமா நெறைய மீன் திம்பாரு. அவருக்கு நீச்சல் தெரியாது. - பால்ராஜ்"

இதைப் படித்த அன்று மதியம், எல்லோரும் போன பிறகு, பென்சிலைக் கையில் எடுத்தேன். எழுதியது இவ்வளவுதான்: "நான் படிக்கும்போது எங்கள் வீட்டில் எல்லோரும் சத்தமில்லாமல் நடப்பார்கள். என்ன படிக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை."

மறுநாள் காலை பாடம் தொடங்கும் முன்பே பின்சுவருக்குப் போனேன். கீழ்ப்பாதி நிறைந்திருந்தது. என்னா படிக்கிறீங்க டீச்சர்? படம் போட்ட புக்கா? எங்க வீட்டுல நான் படிச்சா எல்லாரும் கத்துவாங்க, ஒங்க வீட்டுக்கு வரட்டுமா? அழுதிருக்கீங்களா படிக்கும்போது? நின்றபடியே எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். என் வாழ்நாளில் அப்படி வேகமாக எழுதியதில்லை. அடியில், ஓரத்தில், மேரி டீச்சர் கேட்டிருந்தார்:

"படிச்சு முடிச்சதும் என்ன செய்வீங்க?"

அதற்கு மட்டும் எழுதவில்லை. எழுதினால் இழுப்பறையைத் திறக்க வேண்டும். அவர் அதைத் திறக்கச் சொல்லித்தான் கேட்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரியும் என்பதும் தெரிந்தது.

ஆண்டு முடிவில் அவருக்குக் கோலா கிளாவாங் பக்கம் மாற்றல் வந்தது. விடுமுறையில் வகுப்பறைகளுக்குச் சாயம் பூசுவார்கள் என்பதால் தாள்களை எல்லாம் எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தார். என்னுடையதை என் கையில் தந்தார்.

"பதில் இன்னும் வரல" என்றார்.

"எழுதுவேன்."

"அவசரமில்ல டீச்சர். கேள்வி எங்கயும் போயிராது."

அங்கே போயும் ஒரு சுவரைப் பிடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த மலையடிவாரத்துப் பள்ளியின் பிள்ளைகளை நினைத்து, முகம் தெரியாத அவர்கள்மீதும் பொறாமைப்பட்டேன். இங்கே சாயம் பூசிய பின்சுவர் வெறுமையாக இருந்தது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்துகையில் அதைப் பார்த்துத்தான் நின்றேன்.

அடக்கத்துக்குச் சுவாவுக்குப் போனேன். தோட்டத்து லயத்து வீட்டுக்குள் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் போட்ட கூடாரத்தில் அவருடைய பழைய பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். பால்ராஜ் இப்போது செனவாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்கிறான், சீருடையோடு வந்திருந்தான். அழுதுகொண்டே பேசினார்கள், பேசிக்கொண்டே சிரித்தார்கள். ஒவ்வொருவரும் சொன்னது ஒன்றே ஒன்றைத்தான்: தன் தாளின் கீழே மேரி டீச்சர் என்ன கேட்டார் என்பதை.

"என் தங்கச்சி ஏன் பேச மாட்டேங்குதுன்னு கேட்டாங்க. அதுக்கப்புறந்தான் எங்கம்மா அத டாக்டர்கிட்ட காட்டுச்சி" என்றாள் லெட்சுமி.

"என்னிய ஒரு வருசம் பூரா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எல்லாம் இன்னும் வச்சிருக்கேன்" என்றான் பால்ராஜ்.

"நீங்கல்லாம் எழுதிப் படிச்ச புள்ளைங்க. என்னியகூட விடல டீச்சரு" என்று மாணிக்கம் அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "டயர் ருசியா இருந்துச்சான்னு கேட்டுச்சே! இன்னிக்கும் பசார்ல ஒருத்தன் விடாம கேக்கறான்."

நான் ஓரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் கை நிறையக் கேள்விகள். எனக்கு ஒன்று.

"டீச்சர், ஒங்கள என்னா கேட்டாங்க?" பால்ராஜ்தான்.

"படிச்சு முடிச்சதும் என்ன செய்வீங்கன்னு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

உள்ளே பெட்டியை மூடப் போகிறார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். எல்லோரும் நகர்ந்தோம். பால்ராஜ் நடந்துகொண்டே ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பதில் வராத தாளைப் படித்தவனின் பார்வை.

ஆகவே, மேரி டீச்சர், எழுதுகிறேன். படித்து முடித்ததும் நான் எழுதுவேன். பத்து ஆண்டுகளாக எழுதி இழுப்பறையில் வைக்கிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதத் தெரியாமல் விடவில்லை. யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான். நீங்கள் படித்திருப்பீர்கள். அது இப்போதுதான் உறைக்கிறது. உங்கள் பிள்ளைகள்மீது எனக்கு இருக்கிற பொறாமை இன்னும் குறையவில்லை. அவர்கள் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் சுலபமாகச் செய்ததை நான் உங்களைப் புதைத்துவிட்டு வந்து செய்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு தாளின் கீழ்ப்பாதி. இந்த வாரம் அதே அறையின் பின்சுவரில் மறுபடி பலகை அடித்தாயிற்று. பச்சைத் துணி இல்லாமல். முதல் தாள் என்னுடையது. மேலே இதைத்தான் எழுதி ஒட்டியிருக்கிறேன். அறையைப் பூட்டுவதில்லை. அவரை அறிந்தவர்கள் யாரானாலும் வரலாம். பென்சில் நூலில் தொங்குகிறது. நன்று என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.